சிவாஜினி கேட்காத கடிதம்

சிவாஜினி பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பினாள் என்பது எனக்குத் தெரிய வந்தபோது, அவளால் போக முடியாது என்பதும் முடிவாகிவிட்டிருந்தது. இரண்டு செய்தியும் ஒரே பின்னேரம், ஐந்து நிமிடத்துக்குள் வந்தன. பதினொரு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்திருக்கிறோம். ஒரே மேசையில் தேநீர் குடித்திருக்கிறோம். அவளுடைய மகள் பெரியபிள்ளையானபோது, சாமத்தியவீட்டுக்கு மற்றவர்களுக்கு முன்னரே போய்ப் பலகாரத் தட்டு அடுக்கியவள் நான். அப்படியிருந்தும் எனக்குத் தெரியவில்லை என்றால் பிழை யாருடையது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். முதலில் அவளிடம் கேட்டேன், அதுவும் கத்திக் கேட்டேன்.

என் பெயர் மிருணாளினி. பென்டில் ஹில்லுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பொறுப்பு நேர்ஸாக இருக்கிறேன். எங்கள் தொழிலில் இரண்டு படிகள் உண்டு. டேஃப் என்கிற தொழிற்கல்லூரியில் ஒன்றரை வருடம் டிப்ளோமா படித்தவர் என்ரோல்ட் நேர்ஸ். யூனியில், அதாவது பல்கலைக்கழகத்தில், மூன்று வருடம் படித்தவர் ரெஜிஸ்டர்ட் நேர்ஸ். முதல் படியில் நிற்பவர் மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், ஓடி ஓடி எல்லாம் செய்வார். ஆனால் இனி என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் இரண்டாம் படியில் நிற்பவர்தான். டேஃபில் படித்ததை ஒரு வருடப் படிப்பாக ஏற்றுக்கொண்டு, யூனி நேரே இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ளும். அந்த வழியாகப் போய் மேலே ஏறியவள் நான். ஏற நினைத்தவள் சிவாஜினி.

அவள் 2012இல் படகில் அகதியாக வந்தவள். கணவன் சுகிர்தன், கையில் நான்கு வயது வினுஷா. முதலில் எங்கள் இல்லத்தின் சலவை அறைக்குத்தான் வந்தாள். போர்வைகளை மடிக்கும்போது மூலைக்கு மூலை சரியாக வைப்பாள். வன்னியில் போரின் கடைசிக் காலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வேலை செய்தவள் என்று பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சலவையிலிருந்து பராமரிப்பு வேலைக்கு வந்தாள். அதிலிருந்து டேஃபுக்குப் போய், 2019 டிசம்பரில் டிப்ளோமா முடித்தாள். கொரோனா தொடங்கிய வருடத்தில் மருந்து வண்டியைத் தள்ளத் தொடங்கியவள், அதன் பிறகு ஒரு கிழமை கூடச் சேர்ந்தாற்போல் வீட்டில் நின்றதாக எனக்கு நினைவில்லை.

அதற்கு மேலே போக அவளுக்கு வழி இருக்கவில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்களை யூனி வெளிநாட்டு மாணவர்களோடு சேர்த்துத்தான் எண்ணும், கட்டணம் பல மடங்கு. அந்தக் கதவை அவள் தட்டியும் பார்க்கவில்லை. 2023 நவம்பரில் நிரந்தர விசா வந்தது. அன்றைக்கு இல்லத்தில் எல்லோருக்கும் லட்டுக் கொண்டுவந்தாள். இனி என்ன செய்யப் போகிறீர் என்று நான் கேட்டேன். "ஒண்டும் இல்லை அக்கா, இப்பிடியே இருந்தால் காணும்," என்றாள். நான் நம்பினேன். மூடி மறைக்கிறாள் என்று நினைக்கத் தோன்றாத முகம் அவளுக்கு.

அவளுக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்பதை நான் ஊகிக்க வேண்டியதில்லை. அந்தச் சம்பவம் நடந்த அறை எனக்குத் தெரியும். கொலின்ஸ் என்று ஒரு கிழவர் எங்களிடம் இருந்தார். ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது அவருடைய வாயின் ஒரு பக்கம் இறங்கியிருப்பதை சிவாஜினி கண்டாள். அன்றைக்கு எனக்கு லீவு. எனக்குப் பதிலாக வந்திருந்த ரெஜிஸ்டர்ட் நேர்ஸ் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, அன்றைக்குத்தான் முதல் தடவை எங்கள் இல்லத்துக்கு வந்தவள். வயதானவர்கள் நித்திரையால் எழும்பினால் இப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டாள். சிவாஜினி மூன்று தடவை போய்ச் சொன்னாள். நான்காவது தடவை போனபோது அந்தப் பிள்ளை, உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாளாம். மதியத்துக்குப் பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது. கொலின்ஸ் பிழைத்துவிட்டார், ஆனால் வலக்கை திரும்பி வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவருக்குச் சாப்பாடு தீத்தியது சிவாஜினிதான். மற்றவர்களை விடமாட்டாள்.

இனி என் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

தேநீர் அறையில் நான் சொல்லும் கதைகளில் மிகவும் எடுபட்டது கேக் வகுப்புக் கதை. 2007இல் எனக்கு யூனியில் இடம் கிடைத்தபோது நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிற என் கூடப்பிறந்த அண்ணா ஆனந்தராஜாவுக்கும் சொல்லவில்லை. நம்முடைய சனத்தைத் தெரியும்தானே. ஒரு காரியம் தொடங்குமுன் வாயை விட்டால் கண்ணூறு பட்டு அது பாதியில் நின்றுவிடும். நிற்காவிட்டாலும், எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் எங்கே போகிறாய் என்று கேட்டவர்களுக்கு, கேக் ஐசிங் வகுப்பு என்றேன். இரண்டாம் மாதமே அண்ணி மகனின் பிறந்தநாளுக்கு கிரிக்கெட் மைதானம் மாதிரி ஒரு கேக் கேட்டுவிட்டாள். கடையில் ஓடர் கொடுத்து எடுத்து, பெட்டியை எறிந்துவிட்டு, ஒரு மூலையை விரலால் கொஞ்சம் கலைத்து, என் கையால் செய்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் இப்படிப் பதினொரு கேக். பட்டமளிப்புக்குக் கூப்பிட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அண்ணி இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

இந்தக் கதையை முடிக்கும்போது ஒரு வசனம் சொல்வேன். "ஒரு குருவிக்கும் சொல்லாமல் செய்தபடியால்தான் முடிஞ்சது." எல்லோரும் சிரிப்பார்கள். சிவாஜினியும் சிரிப்பாள். எத்தனை தடவை கேட்டாளோ தெரியாது, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள்.

என் வாயைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தேஜஸ்வினி என்று எங்களோடு வேலை செய்த ஒரு பிள்ளை, ஆங்கிலச் சோதனையில் இரண்டாம் தடவையும் சித்தியடையவில்லை என்று என்னிடம் அழுதாள். நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன், அதுவும் பாவம் பார்த்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில், முன்பின் தெரியாத ஒரு அன்ரி அவளுடைய கையைப் பிடித்து, அடுத்த முறை பாஸ் பண்ணுவீர் பிள்ளை என்றாராம். தேஜஸ்வினி இப்போது மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் இருக்கிறாள். ஊர் மாறியதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

2024 ஒக்டோபரில் சிவாஜினி என் அறைக் கதவடியில் வந்து நின்றாள். அடுத்த பெப்ரவரியிலிருந்து செவ்வாய், புதன், வியாழன் பகல் ஷிப்ட் தனக்கு வேண்டாம் என்றாள். வினுஷா பன்னிரண்டாம் வகுப்புக்கு வருகிறாள், வீட்டில் நிற்க வேண்டும் என்றாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை பகலில் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்கும்? எனக்குச் சந்தேகம் தட்டியது. செவன் ஹில்ஸில் புதிதாகத் திறந்த இல்லத்தில் எங்கள் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே வேலை எடுத்துவிட்டு எனக்கு ஒளிக்கிறாள் என்று முடிவுகட்டினேன். எனக்குச் சூடேறிவிட்டது. சரி என்று எழுதிக்கொண்டேன், ஆனால் அன்றைக்கே தேநீர் அறையில் எல்லோருக்கும் முன்னால், "சிவாஜினி இனிப் பெரிய ஆள், எங்களை விட்டிட்டுப் பறக்கப் போறா," என்று ஊசி ஏற்றினேன். அவளுடைய முகம் வெளிறியது. பிடிபட்டுவிட்டாள் என்று எனக்குள் ஒரு திருப்தி. அவளோ யூனி விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்திருக்கிறாள். அதற்குப் பிறகு என்னோடு இருக்கும்போது இன்னும் கவனமாகிவிட்டாள்.

யூனிக்கு அவள் விண்ணப்பம் போட்டது அந்த மாதம்தான். விசா வந்த கையோடு, ஒரு வருடம் முந்தியே போட்டிருந்தால் ஒரு சிக்கலும் இருந்திராது. அந்த முறை விண்ணப்பம் மூடிவிட்டது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாளாம். மூடவில்லை. யாரிடமாவது ஒரு சொல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு வருடத்தில் அவளுடைய டிப்ளோமாவுக்கு வயது ஏறிவிட்டது. ஐந்து வருடத்துக்கு உட்பட்ட டிப்ளோமா என்றால் யூனி கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேற்பட்டது என்றால், இடைவிடாமல் நேர்ஸாக வேலை செய்தவர் என்று வேலைத்தலத்தின் பொறுப்பு நேர்ஸ் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். படிப்புத் தொடங்கும் பெப்ரவரியில் அவளுடைய டிப்ளோமாவுக்கு ஐந்து வருடமும் இரண்டு மாதமும்.

பொறுப்பு நேர்ஸ் நான்.

இதில் என்னால் மறக்க முடியாதது நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்களோடு மேரிசெல் என்ற பிலிப்பினோப் பெண் வேலை செய்தாள். அவளும் என்ரோல்ட் நேர்ஸ்தான், அவளுடைய டிப்ளோமாவும் பழையது. அவள் தேநீர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தான் யூனிக்குப் போகப் போவதாகவும், என்னிடமிருந்து ஒரு கடிதம் உடனே வேண்டுமென்றும், தராவிட்டால் என்னுடைய சமோசாவைத் தான் தின்றுவிடுவதாகவும் சமையற்காரர் வரைக்கும் கேட்கச் சத்தம் போட்டாள். எல்லோரும் கைதட்டினோம். நான் அறைக்குப் போய்ப் பதினைந்து நிமிடத்தில் கடிதத்தை அடித்து, கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்து கொடுத்தேன். என் தேநீர் அப்போதும் ஆறவில்லை. அந்த நேரம் முழுவதும் சிவாஜினி என் எதிரில்தான் இருந்தாள். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தவள் தூக்க மறந்துபோக, அது உள்ளே விழுந்துவிட்டது. கரண்டியால் அதை எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பரில் யூனி அவளுக்கு எழுதியது. இரண்டாம் வருடத்தில் இடம் வைத்திருக்கிறோம், வேலைத்தலக் கடிதத்தை ஜனவரி முப்பத்தோராம் திகதிக்கு முன் அனுப்புங்கள். ஆறு கிழமை அவகாசம். அந்த ஆறு கிழமையும் என்னைச் சுற்றிக்கொண்டு போக அவள் வழி தேடியிருக்கிறாள். சம்பளச் சீட்டுகளை அனுப்பினாள். நேர்ஸ் பதிவுச் சான்றிதழை அனுப்பினாள். நூலகத்தில் இருக்கிற சமாதான நீதவானிடம் போய், தான் இத்தனை வருடம் வேலை செய்ததாகச் சத்தியக்கடதாசி முடித்து அனுப்பினாள். இவை போதாது என்று ஒவ்வொரு தடவையும் மரியாதையாகப் பதில் வந்தது. கடைசியில் எனக்கு மேலே இருக்கிற பெரிய மேலாளரிடமே கேட்கலாம் என்று துணிந்து மின்னஞ்சல் அனுப்பினாள். அவர் ஜனவரி முழுவதும் விடுமுறை. தானாகத் திரும்பி வந்த பதிலில், அவசரமென்றால் மிருணாளினியைத் தொடர்புகொள்ளவும் என்று இருந்தது.

அவள் தொடர்புகொள்ளவில்லை. ஜனவரி முப்பத்தொன்று வந்தது, போனது.

பெப்ரவரி இரண்டாம் கிழமையில், செவ்வாய், புதன், வியாழன் ஷிப்ட் தனக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு துண்டு எழுதி என் மேசையில் வைத்திருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டேன்.

"இதென்ன சிவாஜினி, ரோஸ்டர் எண்டால் விளையாட்டோ? அந்த மூண்டு நாளுக்கும் ஆள் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப திரும்ப வேணுமெண்டுறீர்."

"சொறி அக்கா."

"அங்காலை வேலை சரிவரேல்லைப் போலை?"

"எங்காலை?"

"செவன் ஹில்ஸிலை. எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சனீரோ?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னது விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு ஃபோனை எடுத்து, யூனியின் கடைசி மின்னஞ்சலைத் திறந்து, மேசையில் என் பக்கமாக வைத்தாள். கடிதம் கிடைக்காதபடியால் அந்த இடம் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. விண்ணப்பித்ததற்கு நன்றி.

நான் வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வர வேண்டிய இடத்திலெல்லாம் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" கதவு திறந்து கிடக்கிறது என்று பாராமல் கத்தினேன். "பதினைஞ்சு நிமிஷ வேலை! மேரிசெல்லுக்கு எழுதினது என்ரை கொம்பியூட்டரிலை அப்பிடியே கிடக்கு. பேரையும் திகதியையும் மாத்தினால் சரி. ஆறு கிழமையா உமக்கு வாய் இல்லையோ?"

"நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்."

"நான் என்ன சொன்னனான்?"

"ஒரு குருவிக்கும் சொல்லாமல் செய்தபடியால்தான் முடிஞ்சது எண்டு." அவள் குத்திச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல்தான் சொன்னாள். "முடிஞ்சாப் பிறகு முதல் உங்களுக்குத்தான் சொல்லுறது எண்டு இருந்தனான். நானும் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்து, மேசையிலை வச்சிட்டுச் சொல்லுவம் எண்டு. நீங்கள் சிரிப்பியள் எண்டு நினைச்சனான்."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

அன்றைக்கே கடிதத்தை எழுதினேன். மேரிசெல்லுடையதில் பெயரை மாற்றவில்லை, புதிதாகவே எழுதினேன். அடுத்த நாள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு, பென்டில் ஹில் நிலையத்தில் ரயில் ஏறி யூனிக்குப் போனோம். எந்த யூனி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை, கேட்டதை ஆறு கிழமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மாணவர் சேவை மண்டபத்தில் இலக்கம் எடுத்துக்கொண்டு இருந்தோம். சுற்றிலும் வினுஷா வயதுப் பிள்ளைகள். சிவாஜினி வேலைக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்தபடி அங்கே இருந்த ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். எங்கள் கடிதத்தை முழுதாக வாசித்தார். இது ஜனவரியில் வந்திருந்தால் இப்போது நானே இவருக்கு மாணவர் அட்டை அடித்துக் கொடுத்திருப்பேன் என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் திரையைப் பார்த்தார். பாடத்திட்டம் மாறுகிறது, இரண்டாம் வருடத்தில் நேரே சேர்க்கும் முறை இந்த வருடத்தோடு முடிகிறது, இனி எல்லோரும் முதலாம் வருடத்திலிருந்துதான் என்றார். நான் மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். மேலதிகாரியும் வந்தார், அவரும் நல்ல மனிதர். நான் குரலை உயர்த்தத் தொடங்க, சிவாஜினி என் முழங்கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அக்கா. எல்லாரும் பாக்கினம்."

திரும்பி வரும்போது ரயிலில் அவள் அந்தக் கடிதத்தை உறையிலிருந்து எடுத்து வாசித்தாள். நான் அதில் உண்மையைத்தான் எழுதியிருந்தேன். ஐந்து வருடமாக ஒரு மருந்துப் பிழையும் விடாதவர். கொரோனா நாட்களில் பதினெட்டு நாள் தொடர்ந்து வேலைக்கு வந்தவர். நோயாளியில் வரும் மாற்றத்தை மற்றவர்களுக்கு முன்னரே காண்பவர், அதை எடுத்துச் சொல்லத் தயங்காதவர், என் வேலைக்காலத்தில் நான் கண்ட மிகச் சிறந்த நேர்ஸ்களில் ஒருவர்.

"இவ்வளவும் நான் செய்தனானோ அக்கா?" என்று கேட்டாள்.

"வேறை ஆர் செய்தது?"

"எனக்கு நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

முதலாம் வருடத்திலிருந்தே தொடங்கச் சொல்லிப் பிறகு நான் அவளை எவ்வளவோ நெருக்கினேன். வேறு இரண்டு யூனிகளுக்கு ஃபோன் பண்ணினேன். ஒன்றில் ஐந்து வருடம் தாண்டினால் கடிதம் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள், இந்த வருட இடங்களும் முடிந்துவிட்டன. மற்றது காரில் ஆறு மணித்தியாலம் ஓட வேண்டிய ஊரில் இருக்கிறது. அவள் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு நாப்பத்தாறு அக்கா. இரண்டு வருஷம் எண்டால் பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓடியிருப்பன், இவரும் ஓம் எண்டவர். மூண்டு வருஷம், முழுநேரம், வேலையையும் விட்டுட்டு. முதல் வருஷம் என்ன படிப்பிக்கினம் தெரியுமோ? கை கழுவுறது. கட்டில் விரிக்கிறது. நான் பதினொரு வருஷமாச் செய்யிறதைத் திரும்பப் படிச்சு, சோதினை எழுத வேணும். விசாவுக்கு இருந்ததோடை என்ரை காத்திருப்பெல்லாம் முடிஞ்சுது. இனி ஏலாது."

அதற்கு மேல் நான் நெருக்கவில்லை. அவளுக்கு ஏலாது என்பது பார்த்தாலே தெரிந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒரு நோயாளி சரியில்லை என்று பட்டால், வந்து ஒரு தடவை சொல்கிறாள். முன்பு மூன்று நான்கு தடவை சொல்வாள்.

ஜூலையில் மேரிசெல் யூனி மாணவியாகப் பயிற்சிக்கு எங்கள் இல்லத்துக்கே வந்தாள். படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவதை அவளுக்கு நின்று காட்டிக் கொடுத்தது சிவாஜினி. ஒரு அவசரமும் இல்லாமல் நன்றாகக் காட்டிக் கொடுத்தாள். முடிவில் மேரிசெல் தன் பயிற்சிப் படிவத்தை நீட்டினாள். கற்பித்தவர் என்ற இடத்தில் ரெஜிஸ்டர்ட் நேர்ஸ்தான் கையெழுத்துப் போட வேண்டும். சிவாஜினி படிவத்தைப் பார்த்துவிட்டு, பேனையை என்னிடம் தந்தாள். நான் போட்டேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பென்டில் ஹில் மளிகைக்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வினுஷா வந்து, "ஹாய் அன்ரி," என்றாள். சோதனை நெருங்குகிறதே, என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். பிள்ளை ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "நேர்சிங் அன்ரி. ஆல்ரெடி அப்ளை பண்ணிட்டன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓ மை கோட். அம்மா உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ. ஸ்பெஷலி உங்களுக்கு. ப்ளீஸ் டோன்ட் டெல் ஹேர்."

நானும் சிரித்தேன். சொல்ல மாட்டேன் என்றேன். முருங்கைக்காயை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை தேநீர் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று நினைத்து, எங்கோ பார்ப்பது போல் கேட்டேன்.

"வினுஷா என்ன படிக்கப் போறாளாம்?"

"இன்னும் ஒண்டும் முடிவில்லை அக்கா. பாப்பம்."

அவளுடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விசா கிடைத்த நாளில், லட்டுத் தட்டோடு நின்ற அதே முகம். பதினெட்டு வருடமாக நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னேன்.

"சிவாஜினி, அந்தக் கேக் கதையிலை நான் ஒண்டை விட்டிட்டுத்தான் சொல்லுறனான். நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் செய்யேல்லை. டேஃபிலை எனக்குப் படிப்பிச்ச ஹார்வுட் எண்டு ஒரு மனுசி. அவவிட்டைச் சொன்னனான். விண்ணப்பத்தை எனக்குப் பக்கத்திலை இருந்து நிரப்பினது அவ. நான் ஒரு திகதியைத் தவறவிட, யூனிக்கு ஃபோன் எடுத்துக் கெஞ்சிக் கேட்டதும் அவ. இல்லாட்டி எனக்கும் அந்த இடம் இல்லை. கதையிலை அவவைச் சேர்த்தால் நல்லா இராதெண்டு விட்டிட்டன்."

சிவாஜினி கேட்டுக்கொண்டிருந்தாள். தேநீரைக் குடித்து முடித்தாள்.

"அப்ப உங்களுக்கு ஒரு ஆள் இருந்திருக்கு."

"ஓம்."

அவள் எழுந்து தன் கோப்பையைக் கழுவினாள். என் கோப்பையையும் வாங்கிக் கழுவி, இரண்டையும் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கதவடிக்குப் போனவள் அங்கே ஒரு கணம் நின்றாள்.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாம் அக்கா," என்றாள்.

கொலின்ஸுக்கு மருந்து கொடுக்கும் நேரம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.